கதியால் விழும்வரை

பெப்ரவரி 2

1. கதிர்காமத்தம்பி அரியரத்தினம் ஆகிய நான், வயது ஐம்பத்தொன்பது, முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன். கொழும்பு, வெள்ளவத்தையில் வசிப்பவன்.

2. நாட்டின் உயிர்ப்பல்வகைமையைக் காப்பதற்கான தேசிய செயற்றிட்டத்தின் ஏழாம் பின்னிணைப்பை வரையும் பொறுப்பு அமைச்சினால் எனக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது. கரையோரத்தில் ஏற்கெனவே காக்கப்பட்டுவரும் நாற்பத்து மூன்று இடங்களின் பட்டியல் அது. அவற்றுள் பத்தொன்பதாவது, மன்னார்க் கரையின் ஓராமுனைக் களப்பு, கடலோடு இணைந்த ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பு. அங்கே ஒரு வழக்கு நிலுவையில் இருப்பதாக மாவட்டத்திலிருந்து குறிப்பு வந்தமையால், பட்டியலை உறுதிசெய்யுமுன் நேரில் பார்க்க நாளை புறப்படுகிறேன்.

3. இது உத்தியோக அறிக்கை அன்று. என் சொந்தக் குறிப்பேடு. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதை யாரிடம் கேட்டேன் என்றும், தெரியாததைத் தெரியாதென்றும் இதில் எழுதுவேன்.

பெப்ரவரி 3

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு மாலை மூன்று மணிக்கு ஓராமுனையை அடைந்தோம். கடைசி ஏழு கிலோமீற்றரில் கழுதைகள் மூன்று தடவை வழிமறித்தன. சாரதி ஹோன் அடிக்கவில்லை. இறங்கிப்போய் அவற்றோடு கதைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பலித்தது.

தங்குமிடத்தில், இந்தக் கரையோர இடங்களுக்கான ஒழுங்குவிதிகளின் அட்டவணையை மீண்டும் வாசித்தேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அரச வர்த்தமானியில் வெளிவந்தது. ஓராமுனையில் எவரும் இறங்கக் கூடாத பகுதியின் எல்லை பற்றிய வாசகம்: "மீன் இறங்குதுறையின் கிழக்கு மூலையிலிருந்து பழைய வெளிச்சவீட்டின் அடித்தளம்வரை வரையப்படும் நேர்கோட்டுக்கு வடக்கே உள்ள நீர்ப்பரப்பு முழுவதும்." இரண்டு நிலையான புள்ளிகள், இடையே ஒரு கோடு. எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாசகம். வரைந்தவர் தம் தொழிலை அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

ஓரக்குறிப்புகளை வழக்கம்போல் பென்சிலால் எழுதுகிறேன். சட்டக் கல்லூரி நாட்களிலிருந்து பென்சிலைப் பிளேட்டால்தான் சீவுவேன். கூர் நீளமாக வரும், எழுத்து மெலிதாக விழும்.

பெப்ரவரி 4

காலை ஏழு மணிக்குத் துறைக்குப் போனேன். வற்று நேரம், களப்பில் நீர் இறங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவு நீரில், கோட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய இடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் பேசின் மிதந்தது. அதன் கயிறு இடுப்பில் கட்டப்பட்டிருந்தது. எவரும் குனியவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றார்கள். திடீரென ஒருவர் மூழ்கி எழுந்தார். கையில் ஒரு பிடி மட்டி, சேற்றில் புதைந்திருக்கும் சிப்பி. நீர் கலங்கலாக இருந்தது. கண்ணால் கண்டிருக்க முடியாது. எதைக்கொண்டு அறிந்தார்? விசாரித்தல் வேண்டும்.

கரைக்கு வந்தவர்களுள் லூர்தம்மா என்பவர் என் சப்பாத்தையும் நீளக்கைச் சட்டையையும் பார்த்து, "என்ன ஐயா, கலியாண வீட்டுக்கு வழி மாறி வந்திட்டீங்களோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அமைச்சிலிருந்து வந்திருக்கிறேன்" என்றேன். சிரிப்பு நின்றது.

வள்ளத்தில் சாய்ந்திருந்த சந்தியோகு என்ற மீனவர், "அதைச் சொல்லாமல் இருந்திருந்தா ஒரு தேத்தண்ணியாவது கிடைச்சிருக்கும்" என்றார்.

கோடு எந்த இடத்தால் போகிறது என்று அவரிடம் கேட்டேன்.

"நாங்களும் பதினொரு வரியமாத் தேடுறம் ஐயா. தண்ணியில ஒரு கோட்டையும் காணேல்ல. ஆனா அதைத் தாண்டினா மட்டும் பிடிக்கினம்."

வழக்கு, அவருடைய அக்கா மதலேனாள் மீது. கோட்டுக்கு வடக்கே பனையோலைக் கடகத்தில் குஞ்சு மட்டியுடன் பிடிபட்டிருக்கிறார். இது இரண்டாம் முறை. முதல் முறை, "ஒப்புக்கொண்டிட்டு வீட்ட போங்கோ" என்று யாரோ சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டாராம். ஒழுங்குவிதி ஒன்பதின்படி இரண்டாவது குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. நீதவானுக்குத் தெரிவு இல்லை. தவணை மார்ச் 14.

மதலேனாள் அங்கேதான் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மட்டியைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெயரை எங்கோ வாசித்ததுபோல் இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

பெப்ரவரி 5

நேற்றுத் துறையில் நனைந்த சப்பாத்து உலரவில்லை.

பெப்ரவரி 6

கோட்டுக்குத் தெற்கே மாத்திரம் இறங்குவோம் என்ற நிபந்தனையோடு, வெறுங்காலுடன் நீரில் இறங்கினேன். மதலேனாள் முன்னே நடந்தார். நேற்று மாலை அவர் வீட்டு வாசலில் நின்று, மட்டியை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். வழக்கைப் பற்றி நான் கேட்காதது அவருக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும்; "நாளைக்கு வாங்க" என்றார்.

"குதியை ஊண்டித் திருப்புங்க. விரல் சேத்துக்க போகும். விரலுக்கு ஒரு விளிம்பு தட்டும். கல்லெண்டா சும்மா கிடக்கும், மட்டியெண்டா உள்ளுக்கு இழுக்கும்."

அரை மணி நேரம் திருப்பினேன். ஒரு விளிம்பு தட்டியது. மூழ்கி எடுத்தேன். கல்.

லூர்தம்மா தூரத்திலிருந்து கூவினார்: "ஐயாக்குக் கல்லுமட்டி அம்பிட்டிருக்கு! வடிவா அவியுங்க ஐயா, நாளைக்காவது வாய் திறக்கும்!"

பிறகு, முன்பு கதியால்கள் நின்ற பக்கத்தை மதலேனாள் கையால் காட்டினார். கதியால் என்பது வேலிக்கு நடும் முள்முருக்கங் கம்பு. கரையில் நட்டால் துளிர்க்கும், உப்புநீரில் துளிர்க்காது. அவர் சொன்னதை ஒழுங்காக எழுதிக்கொள்கிறேன். நகத்தளவு குஞ்சு மட்டியை முதலில் காலால் உணர்பவர் மற்றவர்களைக் கூப்பிடுவார். எல்லோரும் வந்து காலால் பார்ப்பார்கள். ஒப்புக்கொண்டால், அந்த இடத்தைச் சுற்றிக் கதியால் நட்டுத் தலையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கதியால் நிற்கும்வரை உள்ளே காலடி இல்லை. எவரும் அதைப் பிடுங்குவதில்லை. மரம் அரிக்கும் கடற்புழு தின்று, அது தானாகவே விழ வேண்டும். விழுந்த பிறகு மற்ற எல்லோரும் அள்ளலாம்; நட்டவர் மட்டும் கடைசியாகத்தான் இறங்கலாம்.

"நட்டவருக்கு ஏன் கடைசி?"

"முதல் எண்டு வைச்சா, எல்லாரும் நல்ல இடமாப் பாத்து நட்டுப்போட்டு இது என்ர எண்டுவினம்."

நலன் முரண்பாடு பற்றி இத்தனை சுருக்கமான விதியை நான் எந்தச் சட்டத்திலும் வாசித்ததில்லை.

"எவ்வளவு காலத்தில் விழும்?"

"விழேக்க விழும்."

"சராசரியாக?"

"சராசரி எண்டு ஒரு கதியாலும் இல்லை ஐயா. ஒண்டு பெருநாள் தாண்டி விழும். இன்னொண்டு அடுத்த பெருநாளுக்கும் நிண்டு பாத்திட்டு விழும்."

"யாராவது இடையில் பிடுங்கினால்?"

அவர் என்னை முதன்முறையாக நேரே பார்த்தார். "எங்கட ஆக்கள் பிடுங்க மாட்டினம். பிடுங்கினது உங்கட ஆக்கள்."

பெப்ரவரி 7

சந்தியோகு, முன்னர் விழுந்து கரையொதுங்கிய கதியால் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கத்தியால் பிளந்தேன். வெளியே மரம்போல் தெரிந்தது. உள்ளே மரம் என்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. விரல் நுழையும் அளவில் குழாய்கள், ஒன்றையொன்று வெட்டாமல் வளைந்து வளைந்து சென்றன. உட்சுவர் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மை. இருட்டில், கண்ணில்லாமல், அடுத்த குழாயில் மோதாமல் எப்படித் துளைக்கின்றன? திட்டத்தோடு எனக்குத் தரப்பட்ட உயிரியல் கைநூலில் தேடினேன். அதில் கண்டது: இது புழுவே அன்று. சிப்பி இனம். உடல் நீண்டு, ஓடு தலையில் இரண்டு சிறு அரமாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே மட்டியைக் காக்கும் காலத்தை அளந்து சொல்வதும் மட்டியின் இனத்ததே. இதை மதலேனாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப சொந்தக்காரன்" என்றார் அவர். "மச்சான் முறை வரும்."

"மச்சான் எண்டபடியாத்தான் காவலுக்கு விட்ட இடத்தில வேலியைத் தின்னுறான்" என்றார் சந்தியோகு.

எனக்குத் தோன்றியது இது. நீரில் உணவும் வெப்பமும் மிகுந்த ஆண்டில் மட்டியும் விரைந்து வளரும், இந்த உயிரியும் விரைந்து அரிக்கும் என்றால், கதியால் என்பது அந்தந்த ஆண்டின் கடலுக்கேற்ப ஓடும் கடிகாரம். நாட்காட்டியால் அது முடியாது. இது என் ஊகமே, ஆதாரம் இல்லை. ஆயினும் உயிரியலாளர் ஒருவரிடம் கேட்டுப்பார்க்க வேண்டும். இன்று சாப்பிட மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 9

காப்பு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்வையிட்டேன். சென்ற ஆண்டு செப்ரெம்பரில் "சட்டவிரோத வலைக்கம்புகள் இருபத்தேழு" அகற்றப்பட்டுச் சான்றுப்பொருளாக நீதிமன்றக் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அகற்றிய அலுவலர் கிழக்கிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். தேநீர் தந்து மரியாதையாகப் பேசினார். "எங்கட பக்கம் வாவிக்குள்ள கம்பு நின்றா அது வலை கட்டுறதுக்குத்தான் சேர். துணி, வலையை அடையாளம் பிடிக்கிறதுக்கு. நான் வேற என்னண்டு நினைக்கிற?" அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

சந்தியோகு சொன்னபடி, கோடு வந்த பின்னும் வடக்கே அவர்கள் நட்டுவந்த கதியால்கள் போனபின் எந்த இடம் குஞ்சு, எந்த இடம் முற்றியது என்று எவருக்கும் தெரியவில்லை. மீண்டும் நடுவதற்காக மதலேனாள் உள்ளே போய், இடத்துக்கு இடம் சில குஞ்சுகளைக் கடகத்தில் எடுத்திருக்கிறார், மற்றப் பெண்களுக்குக் காட்டி ஒப்புதல் பெறுவதற்கு. அந்தக் கடகத்தோடுதான் பிடிபட்டார். அறுபத்திரண்டு குஞ்சு மட்டி, அதுவும் சான்றுப்பொருள். காக்கப் போனதற்கான தடயமும் அழிக்கப் போனதற்கான தடயமும் கடகத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன. இதை எந்த நீதவானாலும் வேறுபடுத்திக் காண முடியாது.

மாலையில் மதலேனாளிடம் அவருடைய எதிர்வாதம் என்ன என்று கேட்டேன்.

"லோயர் பிள்ளை சொல்லுது, எதிர்வாதம் ஒண்டும் இல்லையாம். கோட்டுக்கு அங்கால நிண்டது உண்மைதானே. ஆனா ஐயா, கோடு போட முதலே நாங்க கடிதம் எழுதினனாங்க. முப்பத்தொரு பேர் கையெழுத்து வைச்சது. பதிவுத் தபால்ல அனுப்பினது. பதில் வரேல்ல."

தபால் பற்றுத்துண்டு இருக்கிறதா என்றேன். வெள்ளத்தில் போய்விட்டது என்றார்.

நாளை கொழும்பு திரும்புகிறேன்.

பெப்ரவரி 12

அமைச்சின் ஆவண அறையில், ஓராமுனை பற்றிய தாள்கள் அடங்கிய கோவையைப் பெற்றேன்.

ஒழுங்குவிதி ஆறு சொல்வது: "இவ்வொழுங்குவிதிகள் ஆக்கப்படுமுன் எழுத்தில் அமைச்சுக்கு அறிவிக்கப்பட்ட மரபுவழிப் பயன்பாடு எதற்கும் இவை ஏற்புடையன ஆகா." அவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றின் பட்டியல் அட்டவணையின் இறுதியில் உண்டு. ஓராமுனைக்கு எதிரே ஒரே சொல்: "இல்லை."

கடிதம் கோவையின் நாற்பத்தேழாம் தாளாக இருக்கிறது. பெறுகை முத்திரை, ஒழுங்குவிதிகள் ஆக்கப்படுவதற்கு எழுபது நாட்களுக்கு முந்தியது. கொப்பித் தாள், வட்டமான கையெழுத்து. முதலாவது கையொப்பம் மதலேனாளுடையது. கடிதத்தின் நடுப்பகுதி: "நாங்கள் மட்டி எடுக்கும் இடம் கதியால் நிற்கும் இடத்துக்கு வெளியே. கதியால் விழுந்தால் உள்ளேயும் எடுப்போம். கதியால் எங்கே நிற்கும் என்று இப்போது சொல்ல ஏலாது. அது குஞ்சு எங்கே பிடிக்குதோ அங்கே நிற்கும்."

ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "எல்லை இல்லை, காலம் இல்லை. ஆகவே அறிவித்தல் இல்லை." எழுத்து மெலிதானது. பென்சில் நீளமாகச் சீவப்பட்டிருக்க வேண்டும்.

குறிப்பில் சுருக்கொப்பம் இல்லை. அக்காலத்தில் வரைவாளராக யார் பணியாற்றினார் என்பது கோவையைப் பார்த்து அறியக்கூடியதே. இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

பெப்ரவரி 13

மழை. குடையை ஆவண அறையில் விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 15

மேலதிகச் செயலாளர் திருமதி ரிஸ்வானாவைச் சந்தித்தேன். செயற்றிட்டம் மார்ச் 20 அன்று அமைச்சரவைக்குப் போகிறது. பத்தொன்பதாம் இடத்தின் அட்டவணையில் ஒரு குறைபாடு இருக்கக்கூடும் என்றேன். "இருக்கக்கூடும்" என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்தினேன்.

"சேர், நாப்பத்து மூணு இடம் எண்டு வெளிநாட்டுக்கே சொல்லியாச்சு. காப்பாத்துற கரையோர வீதமும் கொடுத்தாச்சு. ஒண்டுல கை வெச்சா மத்த நாப்பத்து ரெண்டையும் கேப்பாங்க. அடுத்த வருஷத் திருத்தத்துல பாத்துக்குவோம்."

"அடுத்த ஆண்டுக்குள் ஒருவர் சிறைக்குப் போய்த் திரும்பிவிடுவார்."

"அது கோர்ட்டுட வேல. நம்மட வேல பின்னிணைப்பு." சற்று நிறுத்தி, "புதுசா வாற சட்ட ஆலோசனைக் குழுவுக்குத் தலைவரா உங்கட பேரத்தான் எழுதியிருக்கேன். நீங்க எழுதினா எவனும் ஓட்டை பிடிக்க மாட்டான் எண்டு மேல எல்லாருக்கும் தெரியும் சேர்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதில் எனக்கு ஐயமில்லை. நான் நன்றி சொன்னேன் என்பதையும் இங்கே பதிவுசெய்தல் தகும்.

பெப்ரவரி 26

பதினொரு நாட்களாக எழுதவில்லை. காரணம் எதுவுமில்லை. பட்டியலின் மற்ற இடங்களைச் சரிபார்த்தேன். "இல்லை" என்ற சொல் அட்டவணையில் முப்பத்தெட்டு இடங்களுக்கு எதிரே இருக்கிறது. இதுவரை அந்தச் சொல்லை நான் எண்ணிப்பார்த்ததில்லை. முப்பத்தெட்டு ஊர்களில் எவருமே கடிதம் எழுதவில்லையா? எழுதியிருந்தால் அவர்கள் தம் எல்லையை எதைக்கொண்டு சொல்லியிருப்பார்கள்? மரத்தாலா, மீனாலா, நீரின் நிறத்தாலா?

அறிய விரும்புகிறேன். அந்தக் கோவைகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் தரப்படவில்லை.

மார்ச் 1

மதலேனாளின் சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். இலவசமாகத் தோற்றும் இளம் பெண். நாற்பத்தேழாம் தாளைப் பற்றி நான் அவரிடம் சொன்னால் அது அமைச்சின் ஆவணத்தை வெளியிட்டதாகும். ஆகையால் ஒழுங்குவிதி ஆறின் கீழ் கோவையை அழைப்பிக்குமாறு மன்றைக் கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"அதை யோசிச்சனான் சேர். அட்டவணையில 'இல்லை' எண்டு இருக்கே. அதுவே முடிவான சான்று எண்டு எதிர்த்தரப்பு ஆக்கள் சொல்லுவினம். கடிதம் வந்ததெண்டாலும், அதை அறிவித்தலா எடுக்கேல்ல எண்டுதானே அர்த்தம்? ஏன் எடுக்கேல்ல எண்டு யார் சொல்லுறது? 'இல்லை' எண்டு எழுதினவர்தான் சொல்ல வேணும். அவர் ஆரெண்டு தெரியாது, இருக்கிறாரோ தெரியாது."

"தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

மார்ச் 4

பின்வருவனவற்றுள் எது சட்டப்படி சரி என்று நாள் முழுவதும் ஆராய்ந்தேன். எல்லை விபரிக்கப்படாத அறிவித்தல், அறிவித்தல் ஆகுமா? ஒழுங்குவிதி ஆறு "எழுத்தில்" என்று மாத்திரம் கேட்கிறது. "எல்லையுடன்" என்று கேட்கவில்லை. "காலத்துடன்" என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டையும் ஒழுங்குவிதி கேட்கவில்லை, வரைவாளர் கேட்டார். மேலும், ஒரு நிகழ்வு எப்போது நிகழும் என்று தெரியாதபடியால் அது எல்லையாகாது என்பதும் பிழை. ஒருவர் இறக்கும்வரை அனுபவிக்கலாம் என்று நாம் தினமும் காணி உறுதி எழுதுகிறோம். இறப்பின் திகதியை எவரும் கேட்பதில்லை.

ஆகவே வரைவாளர் பிழைவிட்டார். தம் மேசையில் இருந்து பார்த்தபோது விளங்காத ஒன்றை, இல்லாத ஒன்று என்று எழுதினார்.

மார்ச் 5

வரைவாளர் நான்.

மார்ச் 7

திருமதி ரிஸ்வானாவுக்கு எழுத்தில் அறிவித்தேன்: என் சொந்தச் செயலைப் பற்றி மன்றுக்குச் சத்தியக் கடதாசி முடித்துத் தரப்போகிறேன், கோவையை மன்று அழைத்தால் அமைச்சு அதைச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும், அவர் எதிர்பாராத இடத்தில் நிற்கக்கூடாது என்பதற்காக முற்கூட்டியே தெரிவிக்கிறேன். அரை மணி நேரத்தில் அழைத்தார்.

"ஏன் சேர்? அந்தக் குறிப்புல உங்கட பேரும் இல்ல, சைனும் இல்ல."

"கையெழுத்து என்னுடையது."

"அது உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?"

"ஓம்" என்றேன்.

மார்ச் 12

மீண்டும் ஓராமுனை. சட்டத்தரணிப் பிள்ளையுடன் மதலேனாள் வீட்டு வாசலில் அமர்ந்து சத்தியக் கடதாசியை வாசித்துக் காட்டினேன். லூர்தம்மாவும் சந்தியோகுவும் இருந்தார்கள். "இல்லை என எழுதியவன் நானே" என்ற பந்தியில் நிறுத்தினேன். மட்டி ஓட்டுக் குவியலில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

சந்தியோகு எழுந்து போய்விட்டார்.

"என்ர பேர் முதல்ல இருந்ததோ?" என்று கேட்டார் மதலேனாள்.

"ஓம். முதலாவது."

"வாசிச்சனீங்களோ, வாசிக்காமல் வைச்சனீங்களோ?"

"வாசித்தேன்."

"வாசிச்சிட்டோ." அவர் தன் கால்விரல்களைப் பார்த்தார். "வாசிக்கேல்ல எண்டா ஒரு மாதிரி ஆறியிருப்பன் ஐயா. பதினொரு வரியம் அந்தச் சேத்துக்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கொண்டு நிண்டம். ரெண்டு பேர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போட்டினம்."

மன்னிப்புக் கேட்டேன். அது கிடைக்கும் என எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. அவர், "அப்ப உங்களுக்கு என்ன விளங்கேல்ல?" என்று கேட்டார். குற்றம்சாட்டும் குரல் அன்று. உண்மையிலேயே அறிய விரும்பினார்.

"கதியால் என்றால் நீங்கள் வேலி போடுகிறீர்கள் என்று நினைத்தேன். வேலி என்றால் அளவு இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்."

"வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

லூர்தம்மா தேநீர் கொண்டுவந்து என் முன்னால் சற்றுச் சத்தமாகவே வைத்தார். "குடிங்க. சீனி போடேல்ல. இண்டைக்கு உங்களுக்கு அவ்வளவுதான்."

மார்ச் 14

நீதவான் நீதிமன்றம். நான் இதுவரை சாட்சிக்கூட்டில் ஏறியதில்லை. அங்கிருந்து மன்று வேறொரு அறைபோல் தெரிகிறது. முறைப்பாட்டுத் தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "எல்லையே இல்லாத ஓர் ஆவணத்தை நீர் நிராகரித்தது நியாயமானதுதானே?"

"அன்று அப்படித்தான் எண்ணினேன்."

"இன்று எண்ணத்தை மாற்றியது எது? அனுதாபமா?"

"இல்லை. ஒழுங்குவிதி ஆறை மீண்டும் வாசித்தேன். அதில் இல்லாத இரண்டு நிபந்தனைகளை நான் சேர்த்திருந்தேன்."

நீதவான், அமைச்சு சமர்ப்பித்த கோவையின் நாற்பத்தேழாம் தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். இரண்டு தடவை. பிறகு என்னிடம், "இந்த அட்டவணையை வரையும்போது நீங்கள் அந்த இடத்தைப் பார்த்தீர்களா?" என்றார்.

"வரைபடத்தைப் பார்த்தேன்."

அவர் எழுதிக்கொண்டார். பிற்பகல் கட்டளை: அறிவித்தல் உரிய காலத்தில் எழுத்தில் செய்யப்பட்டது, பயன்பாடு விலக்களிக்கப்பட்டது, குற்றம் நிகழவில்லை. மதலேனாள் விடுவிக்கப்பட்டார். முதல் வழக்கின் தீர்ப்பை மேல் நீதிமன்றில் மீளாய்வுக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னார்.

வெளியே சந்தியோகு இருபத்தேழு கதியால்களையும் கட்டாகத் தோளில் சுமந்து வந்தார். களஞ்சியத்தில் திருப்பிக் கொடுத்தார்களாம். "ஆறு மாதம் அரசாங்கத்தின்ர கூரைக்குக் கீழ நல்லாக் காஞ்சிருக்கு. அடுப்புக்கு நல்லம்." என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று எழுந்து போனபின் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

மார்ச் 17

என் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்ட கடிதம் ஓராமுனைத் தங்குமிடத்துக்குத் தொலைநகலில் வந்தது. ஒன்றரைப் பந்தி. நன்றாக வரையப்பட்டிருந்தது, ஓட்டை எதையும் காணவில்லை. பின்னிணைப்பில் பத்தொன்பதாம் இடத்துக்கு எதிரே "எல்லை மீளாய்வில்" என்று சேர்க்கப்பட்டிருப்பதாகத் திருமதி ரிஸ்வானா தனியே தெரிவித்தார். அதை அவர் செய்திருக்க வேண்டியதில்லை.

மார்ச் 18

மீளாய்வு என்றால் புதிய அறிவித்தல் ஒன்று அவசியம். இம்முறை கிராமத்தாரே எழுத விரும்பினார்கள். எழுதும் கையாக மட்டும் என்னை அமர்த்தினார்கள். துறையடியில், ஐஸ் பெட்டியை மேசையாக வைத்து, முற்பகல் முழுவதும் எழுதினோம்.

பழக்கம் விடவில்லை. "காலத்துக்கு ஓர் எண் போட்டால் பாதுகாப்பு. பதினைந்து மாதம் என்று வைப்போமா?" என்றேன்.

"எண் போட்டா, எண் முடிஞ்ச அண்டைக்கு ஆரும் வந்து அள்ளுவினம்" என்றார் மதலேனாள். "மட்டிக்கு உங்கட கலண்டர் தெரியாது. எழுதுங்க, நான் சொல்லுற மாதிரி."

"நட்டவருக்குக் கடைசி எண்டதையும் போடுங்க" என்றார் லூர்தம்மா. "அதை விட்டா இவ முதல் ஆளா இறங்கிடுவா."

"பொத்தடி வாயை."

அவர்கள் சொன்னதையே எழுதினேன். ஒரு சொல் மட்டும் மாற்றச் சம்மதம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அறிவித்தலின் பிரதி இது:

ஓராமுனையில் மட்டி எடுக்கிற பெண்கள் நாங்கள், இருபத்தொன்பது பேர், அமைச்சுக்குத் தெரிவிப்பது. குஞ்சு மட்டி பிடித்த இடத்தில் எல்லோரும் காலால் பார்த்து ஒப்புக்கொண்டு கதியால் நடுவோம். கதியால் நிற்கும் இடம் எல்லை. கதியால் தானாக விழும்வரை காலம். அதை மனிதர் எவரும் பிடுங்கக் கூடாது, அரசாங்கத்து ஆட்களும். விழுந்த பிறகு நட்டவர் கடைசியாக இறங்குவார். இது விளங்காவிட்டால் வந்து கேட்கவும். தண்ணீர் வற்றுகிற நேரம் வந்தால் காட்டுவோம்.

எல்லோருக்காகவும் கையொப்பம்:
சூ. மதலேனாள்

சாட்சிகள்:
1. சூ. சந்தியோகு, மீனவர், ஓராமுனை
2. க. அரியரத்தினம், நேரில் பார்த்தவர்